சென்னை–தூத்துக்குடி விமானம்: டிக்கெட்டில் ஒன்றரை மணி, வீட்டுக்கு வீடு ஐந்து மணி

வேலை சென்னையில், அப்பா அம்மா ஸ்ரீவைகுண்டம் பக்கம். அதனால் பல வருடங்களாக மீனம்பாக்கத்துக்கும் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கும் இடையில் போய் வந்துகொண்டிருக்கிறேன். முதல்முறை இந்த விமானத்தில் போகிறவர்கள் தூரத்தையும் நேரத்தையும் தேடிப் பார்த்துவிட்டுக் குழம்புவதைப் பார்க்கிறேன், அதற்காகத்தான் இது.

நேர்கோட்டில் ஏறத்தாழ 525 கிலோமீட்டர். சாலையில் 600 பக்கம் வரும். தூரம் கணக்கிடும் தளங்கள் ஜெட் வேகத்தை வைத்து முக்கால் மணி, ஒரு மணி என்று காட்டும். ஆனால் இந்தத் தடத்தில் பெரும்பாலும் பறந்தது விசிறி வைத்த ஏடிஆர் விமானம். அது மணிக்கு 500 கிலோமீட்டர் வாக்கில்தான் போகும். வாகைக்குளத்தின் பழைய ஓடுபாதை 1,350 மீட்டர்தான், பெரிய ஜெட் இறங்க வழியில்லை. பிறகு அதை 3,115 மீட்டராக நீட்டினார்கள், புதிய முனையம் 2025 ஜூலையில் திறந்தது. அதனால் இப்போது பதிவு செய்யும்போது எந்த வகை விமானம் என்று ஒரு பார்வை பாருங்கள், நேரம் அதைப் பொறுத்து மாறும்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒன்றரை மணி நேரம் முழுக்க வானத்தில் இருப்பதில்லை. சென்னையில் நிற்குமிடத்திலிருந்து நகர்வது, ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் சேர்த்தி. வேளச்சேரியிலிருந்து கிளம்பும் எனக்கு வீட்டு வாசலிலிருந்து ஊர் வாசல் வரை ஐந்து மணி நேரம் ஆகிறது, சில நாள் இன்னும் கூட. இதை முத்துநகர் எக்ஸ்பிரஸோடு வைத்துப் பார்க்க வேண்டும். ரயிலில் 11 மணி நேரம் ஆகும், ஆனால் அது தூங்கும் நேரம். காலையில் ஊரில் எழுந்து இறங்கலாம். என் கருத்தில், ஒரே நாளில் போய்ச் சேர்ந்தாக வேண்டும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் விமானம். மற்றபடி ரயில். நெல்லைக்காரர்களுக்கு 2023 முதல் வந்தே பாரத் இருக்கிறது, சுமார் எட்டு மணி நேரம், பகலில். நாகர்கோவில்காரர்களுக்கு வாகைக்குளத்தைவிட திருவனந்தபுரம் விமான நிலையம்தான் கிட்ட.

ஏடிஆரில் ஏறுகிறவர்களுக்குச் சில விஷயம். பயணிகள் கதவு பின்பக்கம் இருக்கும், எனவே பின்வரிசைக்காரர்கள்தான் முதலில் இறங்குவார்கள், சீக்கிரம் இறங்கலாம் என்று காசு கொடுத்து முன்வரிசை வாங்க வேண்டாம். மேலே பெட்டி வைக்கும் இடம் சின்னது. சக்கரப் பெட்டி கொண்டுபோனால் ஏறும்போதே வாங்கிக்கொள்வார்கள், மருந்து, மாத்திரை, மடிக்கணினியைத் தனிப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கை மேலே இருப்பதால் கீழே நன்றாகத் தெரியும், ஆனால் நடு வரிசையில் எஞ்சினும் விசிறியும் மறைக்கும். தெற்கே வரும்போது இடப்பக்கம் கேளுங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.

ஆடிக் காற்று சமயத்தில் இறங்கும்போது நன்றாகவே ஆட்டும். முதல்முறை வரும் வயதானவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் அம்மா ஒருமுறை என் கையைப் பிடித்தது பிடித்தபடியே தரை தொடும்வரை விடவில்லை, பக்கத்தில் ஆள் இல்லாமல் அனுப்பாதது நல்லதாகப் போயிற்று.

அப்புறம், சாயங்கால விமானத்தை நம்பி முக்கியமான காரியம் எதையும் வைக்காதீர்கள். அது தாமதமாகி ரத்தானால் ஏழரை வாக்கில் எழும்பூரிலிருந்து கிளம்பும் முத்துநகரும் போயிருக்கும், எனக்கு அப்படி நடந்து ஆம்னி பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்தேன். காலை விமானம் என்றால் ரத்தானாலும் மாற்று வழி தேட ஒரு பகல் முழுக்க இருக்கும்.