பிளேட் சூடா ஹாபிஸ்: ஒரு 1973 கோம்பியோடு ஏழு வருடம்

கோம்பி, அதாவது ஃபோக்ஸ்வாகனின் பழைய வேன், வாங்க ஆசைப்படும் ஆட்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விதான். என்ன விலை, சாமான் கிடைக்குமா. சாமான் கிடைக்கும், அந்தக் கவலையை விடுங்கள். பழைய வண்டு (பீட்டில்) காரின் எஞ்சினும் இதுவும் ஒரே குடும்பம், உலகம் முழுக்க இன்னும் அதற்குப் புதுப் பாகம் செய்துகொண்டிருக்கிறார்கள். கிளட்ச் மக்கர் பண்ணும்போது யாரிடம் கொண்டுபோய் விடப்போகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி, அதை யாரும் கேட்பதில்லை. இந்த ஏழு வருடத்தில் எனக்கு மூன்று தடவை கிளட்ச் தொல்லை வந்தது, மூன்று தடவையும் எட்டிப்பார்த்த முதல் ஆள் சொன்ன தீர்ப்பு ஒன்றுதான்: "பிளேட் சூடா ஹாபிஸ்." மலாயில், கிளட்ச் பிளேட் முடிந்துபோச்சு. மூன்று தடவையும் அது தப்பு.

வண்டியைப் பற்றி முதலில். 1973 மாடல், 1600 சிசி, காற்றில் குளிரும் எஞ்சின். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் கிடந்தது. பட்டர்வொர்த் வீட்டுக்கு இழுத்து வந்து நிறுத்தியபோது என் மாமனார் ஒன்றும் பேசவில்லை, ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ரோட் டேக்ஸ் வேற கட்டப்போறீங்களா மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். தகர வேலை, பெயின்ட், வயரிங், சீட் தைத்தது எல்லாம் தனிக் கதை, அதில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கடல் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று பினாங்குக்காரர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

முதல் தொல்லை நடுக்கம். ரோட்டில் இறங்கிய முதல் வாரமே, முதல் கியரில் கிளட்சை விட்டால் வண்டி மொத்தமும் சாமி வந்த மாதிரி ஆடும். பின்னால் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு முன்னால் வந்துவிடும். பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு பட்டறையில் காட்டினேன். பிளேட் போச்சு என்றார்கள், எஞ்சினை இறக்கினார்கள், புது பிளேட் போட்டார்கள், நல்ல காசு வாங்கினார்கள். வெளியே எடுத்து முதல் சிக்னலில் நின்று கிளம்பினேன், அதே ஆட்டம்.

அப்போதுதான் ஒரு நண்பர் மூலம் பிறை என்ற ஊரில் இருக்கும் ஒரு சீனப் பெரியவரைப் பிடித்தேன். அங்கிள் என்றே கூப்பிடுவேன். பட்டறையை எப்போதோ மூடிவிட்டார், வீட்டு வாசலில் பழைய வண்டு கார் ஒன்றும் ஒரு நாயும் இருக்கும். அவர் எஞ்சின் பக்கம் போகவே இல்லை. அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, "ஜாங்கான் புக்கா டூலு" என்றார். இப்போ கழட்டாதே.

விஷயம் இதுதான். இந்த வேனில் பெடல் முன்னால், எஞ்சினும் கிளட்சும் கடைசியில், நடுவில் மூன்று மீட்டருக்கு மேல் நீளமான ஒரு கேபிள். கேபிள் கியர்பாக்ஸை நெருங்கும் இடத்தில் வளையக்கூடிய ஒரு உறைக்குழாய் வழியாகப் போகும், அதை பௌடன் டியூப் என்பார்கள். அந்த டியூப் கீழே லேசாகத் தொங்கி வளைந்திருக்க வேண்டும், 25 முதல் 45 மில்லிமீட்டர் வரை. எங்கள் வண்டியில் அது குச்சி மாதிரி நேராக நின்றது. கிளட்ச் பிடிக்கும் நேரத்தில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டில் கொஞ்சம் அசையும், டியூபில் வளைவு இருந்தால் அது அந்த அசைவை உள்வாங்கிவிடும். வளைவு இல்லையென்றால் எஞ்சின் அசையும்போதெல்லாம் கேபிளையும் இழுத்துவிடும், கிளட்ச் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். அதுதான் அந்தச் சாமியாட்டம். அங்கிள் டியூப் முனைக்கும் கியர்பாக்ஸில் இருக்கும் தாங்கிக்கும் நடுவில் மூன்று வாஷர் போட்டார், டியூப் பின்னாலிருந்து தள்ளப்பட்டு நடுவில் தொய்ந்தது. கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பரிலும் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது, அதையும் அடுத்த வாரம் மாற்றினோம். நடுக்கம் நின்றது. வாஷருக்கு அவர் காசு வாங்கவில்லை, சிகரெட் டப்பாவில் கிடந்த வாஷர்.

இரண்டாவது தொல்லை தைப்பூசத்துக்கு முதல் நாள் வந்தது, வேறு எப்போது வரும்! ஜாலான் உத்தாமாவில் எங்கள் ஆட்கள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கு மோர் டிரம் நான்கும் பேப்பர் கப் மூட்டையும் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து வந்தேன். தீவில் ஏறியதும் நெரிசல். நின்று நின்று நகர்ந்ததில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையைத் தேடிப் போனது, பிறகு முதல் கியர் விழவே இல்லை, கர்ரென்று பல்லைக் கடித்தது. எஞ்சினை அணைத்தால் கியர் அழகாக விழுகிறது. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஓடும்போது விழாத கியர் அணைத்ததும் விழுந்தால், கியர்பாக்ஸ் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். முதல் கியரைப் போட்டு, அப்படியே சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வண்டியையே தள்ளிக்கொண்டு கிளம்பும். அப்படித்தான் மோர் பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தது. ராத்திரி வீட்டுக்குத் திரும்பும்போதும் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அணைத்து, கியரில் வைத்துக் கிளப்பி. ஸ்டார்ட்டருக்கு அது நல்லதில்லை, தெரியும், ஆனால் இழுவை லாரிக்கு அந்த நாளில் எங்கே போவது.

பந்தலில் இருந்த ஒரு தம்பி, மெக்கானிக் படிப்பு படித்தவன், "அண்ணே, பிளேட் முடிஞ்சிருக்கும்ணே" என்றான். நான் முதலில் பின்னால் இருக்கும் காது வைத்த நட்டைத் திருகிப் பார்த்தேன். பெடலை அழுத்தினால் ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா போய்விட்டு அப்புறம் கனக்க வேண்டும், அதுதான் அந்த நட்டின் வேலை. நட்டு கடைசி மரை வரை போயும் பெடல் ஏறவில்லை. கேபிள் புதுசு, அது இவ்வளவு நீளாது. மறுநாள் மனைவியை சீட்டில் உட்காரவைத்து பெடலை மிதிக்கச் சொல்லி, அடித்தகட்டைக் கழற்றிவிட்டு நான் கீழே படுத்துப் பார்த்தேன். அவள் மிதிக்கும்போதெல்லாம் கேபிள் போகும் இரும்புக் குழாயே முன்னும் பின்னும் நகர்ந்தது! குழாயைத் தாங்கும் கிளாம்பின் வெல்டிங் துருப்பிடித்து விட்டிருந்தது, மிதிக்கிற விசையில் பாதி குழாயை நகர்த்துவதிலேயே போய்விடுகிறது. சுத்தம் செய்து, கேபிளை உருவிவிட்டு, இரண்டு இடத்தில் வெல்டிங் வைத்தோம். கேபிளோடு வெல்டிங் அடித்தால் உள்ளே ஒட்டிக்கொள்ளும், அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

மூன்றாவதுதான் நிஜமாகவே எஞ்சினை இறக்கவைத்தது. பாயா தெருபோங்கிலிருந்து ஜாலான் துன் சார்டோன் ஏறி பாலிக் புலாவ் போகும் வழியில், மூன்றாவது கியரில் மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கருகல் வாடை. வீட்டில் கைபிரேக்கை இழுத்து, நான்காவது கியரில் கிளட்சை விட்டுப் பார்த்தேன், எஞ்சின் அணைய வேண்டும், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வழுக்குகிறது, சந்தேகமில்லை. பெடலில் இடைவெளி சரியாகவே இருந்தது, ஆக நட்டு குற்றவாளி இல்லை. இங்கே பிளேட் கெட்டது உண்மை, ஆனால் தேய்ந்து கெடவில்லை, எண்ணெயில் ஊறிக் கெட்டிருந்தது. கொஞ்சம்கூடத் தேயாத பிளேட்.

எண்ணெய் எதிலிருந்து என்பதை மூக்கால் கண்டுபிடிக்கலாம். கியர் எண்ணெய்க்கு கந்தக நாற்றம் உண்டு, விரலில் தேய்த்து முகர்ந்தால் உடனே தெரியும். இது எஞ்சின் எண்ணெய். பிளைவீலுக்கு, அதாவது கிளட்ச் அமரும் கனச் சக்கரத்துக்கு, பின்னால் இருக்கும் எண்ணெய் சீல்தான். ஆனால் அந்த சீலை முதல் பட்டறை மாற்றியிருந்தார்களே? அங்கிள் மறுபக்கம் போய் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தள்ளினார். டொக், டொக். எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் முன்பின்னாக ஆடும் அளவு 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், டயல் வைத்து அளந்தால் 0.28. இவ்வளவு ஆடினால் எந்தப் புது சீலும் தாங்காது. பிளைவீலுக்குப் பின்னால் மூன்று ஷிம், அதாவது மெல்லிய வளையத் தகடு, இருக்கும், அவற்றின் தடிமனைக் கணக்குப் பார்த்து மாற்றித்தான் இந்த ஆட்டத்தைக் குறைக்க முடியும். முன்னால் வேலை செய்தவர்கள் அளக்காமலே பூட்டியிருக்கிறார்கள்.

பிளைவீலைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு, 36 மில்லிமீட்டர் சாக்கெட், இறுக்கம் ஏறக்குறைய 350 நியூட்டன் மீட்டர். என் உயரத்துக்குக் குழாயை மாட்டி ஏறி நின்றுதான் கழற்றினேன். அந்த நட்டுக்குள்ளேயே ஒரு குட்டி ஊசி பேரிங் ஒளிந்திருக்கும், அது காய்ந்துபோனாலும் கியர் கர்ரென்னும், ஆகவே திறந்த கையோடு பட்டாணி அளவு கிரீஸ். அதிகம் வைத்தால் அது பிளேட்டுக்குத் தெறிக்கும்.

எஞ்சின் தரையில் இருந்ததால் நெடுநாள் சந்தேகம் ஒன்றையும் தீர்த்துக்கொண்டேன். டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் விடும் இடைவெளி, குளிர்ந்த எஞ்சினில் 0.15 மில்லிமீட்டர், ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் நானே வைப்பேன். ஏழு வால்வும் ஒழுங்காக இருக்கும், மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் ஒவ்வொரு தடவையும் இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் நுழைய விடாது. வால்வுத் தண்டு சூட்டில் நீள்கிறது என்று அர்த்தம், ஒருநாள் தலை முறிந்து பிஸ்டனில் விழும். காரணம் மேலேயே உட்கார்ந்திருந்தது: முன்பு யாரோ எஞ்சினுக்குக் காற்றடிக்கும் பழைய மாடல் விசிறிப் பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். அதில் ஆயில் கூலர் காற்றுப் பாதையின் நடுவில் நின்று, சூடான காற்றை மூன்றாம் சிலிண்டருக்கே கொடுக்கும். 1971 வாக்கில் வந்த பெட்டியில் கூலர் தள்ளி வைக்கப்பட்டு, அந்தச் சூட்டுக்குத் தனி வெளிவாசல் உண்டு. அந்தப் பெட்டி, அதற்கான அகல விசிறி, வெளிவாசல் தகரங்கள், எஞ்சினைச் சுற்றி வரும் ரப்பர் பட்டை எல்லாம் ஒன்றாகப் போட்டேன். ரப்பர் பட்டை விட்டுப்போயிருந்தால் கீழே இருக்கும் சூட்டை விசிறியே மறுபடி உறிஞ்சிக்கொள்ளும், நம்ம ஊர் வெயிலில் அது ஒன்றே போதும் எஞ்சினைக் கொல்ல. அந்த ஹெட்டுக்கு எக்ஸாஸ்ட் வால்வும் புதிது.

அதற்குப் பிறகு ஏறக்குறைய 18,000 கிலோமீட்டர். மூன்றாம் சிலிண்டரின் அந்த வால்வு இப்போது மற்ற ஏழு வால்வைப் போலவே நடந்துகொள்கிறது. சிக்னலில் மினுக்கிக்கொண்டிருந்த எண்ணெய் விளக்கும் அடங்கிவிட்டது, 20W-50 எண்ணெய், இரண்டரை லிட்டர், 3,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறேன், அதில் கஞ்சத்தனம் இல்லை. தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் 009 மாடல் டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும் பிடிக்கவில்லை, மிதித்த நொடியில் ஒரு தடுமாற்றம், எத்தனை தடவை டைமிங் வைத்தாலும் முழுதாகப் போகவில்லை. வேக்யூம் மூலம் டைமிங்கைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தினமும் வேலைக்கு ஓட்ட இது வேண்டாம், நான் அதற்கு வேறு கார் வைத்திருக்கிறேன். ஜாக்கும் ஃபீலர் கேஜும் உங்களிடம் இல்லையென்றால், வண்டிக்கடியில் படுக்கப் பிடிக்காது என்றால், வாங்காதீர்கள், வருத்தப்படுவீர்கள். கிளட்ச் இப்போது எண்ணெய் தடவிய மாதிரி, அந்த உவமை தப்பு, நன்றாக இருக்கிறது. புஷ் ராட் டியூபில் ஒரு இடத்தில் மட்டும் சொட்டுகிறது. அடியில் ஒரு மைலோ டின் தட்டு வைத்திருக்கிறேன், வாரத்துக்கு ஒரு காசு அகலத்துக்குக் கறை விழுகிறது. அங்கிள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒழுகாவிட்டால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம் என்று சிரித்தார். மாமனார்தான் இன்னும் தட்டை எடுத்து எடுத்துப் பார்க்கிறார்.