சார்த்தரா, ஃபூக்கோவா: எதில் தொடங்கலாம்?

வேலைக்குப் போய்க்கொண்டே நவீன பிரெஞ்சுத் தத்துவம் படிக்க வருபவர்கள் முதலில் யாரை எடுப்பது?

சார்த்தர் 1945 அக்டோபரில் பாரிசில் ஆற்றி, அடுத்த ஆண்டு நூலாக வந்த ‘இருத்தலியம் ஒரு மனிதநேயம்’ உரை சின்னது. மனிதன் தன் தேர்வுகளால்தான் தன்னை உருவாக்கிக்கொள்கிறான் என்பதே இருத்தலியம். ஓரிரு மாலைகளில் முடித்துவிடலாம். போருக்குப் போவதா, அம்மாவோடு இருப்பதா என்று தவித்த மாணவனிடம், முடிவு உன்னுடையதுதான் என்று சொல்லி அனுப்புகிறார். எளிமையாகத்தான் தெரியும். ஆனால் பின்னால் ஜெர்மன் தத்துவவாதிகள் ஹுசெர்லும் ஹைடெகரும் நிற்கிறார்கள். அவர்களைத் தெரியாமல் பல வரிகள் வெறும் அறிவுரையாகக் கடந்துபோகும்.

ஃபூக்கோவின் ‘கண்காணிப்பும் தண்டனையும்’ (1975) பெரிய நூல். என் ஓட்டு இதற்குத்தான். 1757இல் பிரெஞ்சு மன்னரைக் கத்தியால் குத்திய தாமியேனை ஊரறியச் சித்திரவதை செய்து கொன்ற காட்சியோடு தொடங்குகிறது. உடனே, சுமார் எண்பது ஆண்டுகள் கழித்து இளம் கைதிகளுக்குப் போட்ட கால அட்டவணை: எப்போது எழுவது, எப்போது பிரார்த்தனை, எப்போது வேலை. நடுவில் என்ன மாறியது? பள்ளியும் தொழிற்சாலையும் மருத்துவமனையும் ஏன் சிறையைப் போலவே இருக்கின்றன? பல வருடம் வருகைப்பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவருக்கு இந்தக் கேள்வி சட்டென்று பிடிபடும். கல்லூரி மாணவரைவிட அவருக்கே இது நெருக்கம்.

முழுதும் படித்தே தீரவேண்டும் என்றில்லை. முதல் அத்தியாயம், அப்புறம் ஆங்கிலேயச் சிந்தனையாளர் பெந்தாமின் வட்டச் சிறை (நடுக் கோபுரத்திலிருந்தே எல்லா அறைகளையும் கண்காணிக்கும் அமைப்பு) பற்றிய பகுதி. முதலில் இந்த இரண்டும் போதும்.