வன்னி வளவுக்கு எந்தக் கமரா?

ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பெரிய வளவுகளில் வீடு ஒரு மூலையில், படலை இன்னொரு மூலையில், தண்ணீர் மோட்டர் கிணற்றடியில். ஆகவே இங்கே காவல் கமரா வாங்கும்போது மெகாபிக்சலுக்கு முன்னால் வயரின் நீளத்தைத்தான் கேட்க வேண்டும்.

கோஅக்சியல் வயரில் (ரிவி அன்ரனா வயர் போன்றது) ஓடும் எச்டி அனலொக் கமரா 300 மீற்றரில் இருந்தும் படம் தரும் என்று கடையில் சொல்வார்கள். நல்ல வயரானால் அது சரி. ஆனால் 12 வோல்ட் மின்சாரமும் அவ்வளவு தூரம் போக வேண்டுமே! மெல்லிய வயரில் 60, 70 மீற்றர் இழுத்தால் பகலில் ஒரு குறையும் தெரியாது. பொழுதுபட்டு, இருட்டில் படம் பிடிக்க உதவும் ஐஆர் லைட் எரியத் தொடங்கியதும் கமரா இழுக்கும் கரண்ட் கூடும், வோல்ட் விழும், கமரா நின்று நின்று எழும்பும். மோட்டர் களவுபோன பிறகு கறுப்புத் திரையைப் பார்த்து நிற்பது பெரிய வேதனை. தூரத்துக் கமராவுக்குப் பக்கத்திலேயே மின்சாரம் இருந்தால் மட்டும் அனலொக் போடுங்கள்.

பிஓஈ வகை ஐபி கமராவில் (நெட்வேர்க் வயரிலேயே மின்சாரமும் எடுக்கும் கமரா) ஒரே வயரில் படமும் 48 வோல்ட் அளவு மின்சாரமும் போவதால் அந்தத் தொல்லை குறைவு. எல்லை 100 மீற்றர். அதற்கு மேல் இடையில் ஒரு நெட்வேர்க் சுவிட்ச் வேண்டும். வீடும் கடையும் ஒரே வளவில் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இன்னொரு காரணம் இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்து மின்னல், செப்பு வயர் வழியே ரெக்கோடர் வரை வந்து எரித்துவிடும். ஐபி என்றால் தூரத்துக் கமராவுக்கு மின்சாரம் கடத்தாத ஃபைபர் (கண்ணாடி இழை) இழுத்து அந்த வழியை அடைக்கலாம். அப்போது அந்தப் பக்கம் தனி மின்சாரம் தேவை.

சிம் போட்ட சோலார் கமரா வயலுக்கும் தோட்டத்துக்கும் உதவும். ஆனால் பற்றரியை மிச்சம்பிடிக்க அது தூங்கிக் கிடந்து, அசைவு கண்டுதான் விழிக்கும். வேகமாகப் போகும் மோட்டார் சைக்கிளின் பின்பக்கம்தான் பதிவாகும். மாரி மப்பில் சார்ஜும் ஏறாது.

எதை வாங்கினாலும் படலைக்கு ஒடுங்கிய லென்ஸ் (குறைந்த அகலத்தை மட்டும் பெரிதாகக் காட்டுவது) போடுங்கள். முன்பின் தெரியாத முகத்தை அடையாளம் காண ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது சர்வதேசத் தரம். 1080பி கமராவின் 1920 பிக்சல் ஏழரை மீற்றர் அகலத்துக்குத்தான் காணும். முழு முற்றத்தையும் ஒரே கமராவில் பிடித்தால் ஆள் வந்தது தெரியும், ஆர் என்று தெரியாது.

அப்புறம் ஹார்ட் டிஸ்க். செக்கனுக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரு கமரா நாளுக்கு 21.6 ஜிகாபைட் பதியும். 4 கமராவுக்கு 1 டெராபைட் 11 நாள்தான். வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்பில் 2 கிழமை நிற்பவர்கள் 2 டெராபைட் போடுங்கள்.