சாதா பாலிஷா, ஜெல்லா, மருதாணியா?

நெயில் பாலிஷ் வாங்கப் போனால் முன்பெல்லாம் நிறத்தைத்தான் பார்ப்பேன். இப்போது முதலில் யோசிப்பது, இதை எப்படி எடுப்பது என்று.

சாதா பாலிஷ் காற்றிலேயே காயும். நைட்ரோசெல்லுலோஸ் என்ற, படலமாகப் படியும் பொருளை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் மாதிரியான கரைப்பான்களில் கரைத்திருப்பார்கள். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாடை அவற்றுடையதுதான். அவை ஆவியானதும் நிறம் படலமாக நகத்தில் தங்கிவிடும். ரிமூவரில் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்துத் துடைத்தால் மறுபடி கரைந்து வந்துவிடும். குறை என்னவென்றால், பாத்திரம் தேய்க்கிற கையில் மூன்றாம் நாளே நுனி பெயரும். பாதித் தப்பு நம்முடையது. அவசரத்தில் தடிமனாக ஒரே கோட் போடுவோம். மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். காலையில் பார்த்தால் போர்வையின் நெசவு நகத்தில் பதிந்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு பேஸ் கோட், மெல்லிசாக இரண்டு கோட், அப்புறம் டாப் கோட் போடுங்கள். நக விளிம்பிலும் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு. பாட்டிலைக் குலுக்கினால் குமிழி வரும், உள்ளங்கையில் வைத்து உருட்டினால் போதும். பேஸ் கோட்டை விட்டுவிட்டால் அடர் சிவப்பு பாலிஷ் நகத்தை மஞ்சளாக்கிவிடும்.

ஜெல் காற்றில் காயாது. எல்இடி விளக்கின் கீழ் ஒரு நிமிடம் கையை நீட்டினால் இறுகிவிடும். இரண்டு வாரம் பளபளப்புக் குறையாது, கல்யாண வீட்டுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. எடுக்கும்போதுதான் தெரியும் சேதி. மேல்பூச்சை ராவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு 10, 15 நிமிடம் உட்கார வேண்டும். ஒருமுறை பொறுமையில்லாமல் பிய்த்தேன். நகத்தின் மேலேடும் கூடவே வந்துவிட்டது; ஒரு வாரம் வெந்நீர் பட்டாலே சுரீரென்றது. இறுகாத ஜெல் தோலில் பட்டால் சிலருக்கு அலர்ஜியும் வரும். ஜெல்லை இறுக வைக்கச் சேர்க்கும் டிபிஓ (TPO) என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்திருக்கிறது. டிபிஓ இல்லாத ஜெல்லும் கிடைக்கிறது, லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

மருதாணித் தொப்பிக்கு விளக்கும் வேண்டாம், பிரஷ்ஷும் வேண்டாம். இலையிலுள்ள லாசோன் என்ற சாயப்பொருள் நகத்தின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துவிடும். பெயராது, ஆனால் எந்த ரிமூவருக்கும் அசையாது. விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியில் வெள்ளைப் பிறை கிளம்பி, சிவப்பு நுனிக்குப் போய் ஒழிய ஐந்தாறு மாதம் ஆகும். அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது பத்து விரலும் செக்கச்செவேலென்று இருந்தன. விரல் நுனியில் மாட்டி, ஒளி பாய்ச்சி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நர்ஸ் ஒரு நிமிடம் பார்த்தார், அப்புறம் காது மடலில் மாட்டினார்.