கணக்காளர் வேலையிலிருந்து இணைய நிரலுக்கு: அயல்நாட்டில் ஆறு ஆண்டு ஃப்ரீலான்ஸ் அனுபவம்

பதினோரு ஆண்டுகள் கணக்காளராக இருந்தவள் நான். கணவருக்கு அயல்நாட்டில் வேலை கிடைத்து 2018இல் குடும்பத்தோடு கிளம்பியபோது, என் படிப்பும் அனுபவமும் கூடவே வரும் என்று நம்பியிருந்தேன். அங்கே வரிச் சட்டம் வேறு, தொழில்முறைத் தேர்வுகள் வேறு, அலுவலக மொழியும் வேறு. எல்லாவற்றையும் மறுபடி எழுதித் தேறுவதற்குள் மூன்று ஆண்டுகள் ஓடிவிடும் என்று தெரிந்தது. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் எந்த நாட்டுக்குப் போனாலும் எச்டிஎம்எல்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே இணைய நிரல் பக்கம் திரும்பினேன்.

முதல் ஊதியம் கைக்கு வரப் பதினான்கு மாதங்கள் ஆயின. பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் காலையில் மூன்று மணி நேரம், அவர்கள் தூங்கியபின் ஒரு மணி நேரம் படித்தேன். மொசில்லாவின் எம்டிஎன் தளத்தில் உள்ள இணைய நிரல் ஆவணங்கள் இலவசம். இன்றும் எனக்கு அதுதான் அகராதி. அந்தப் பதினான்கு மாதங்களில் நான்கை வீணாக்கினேன். எல்லோரும் ரியாக்ட் என்கிறார்களே என்று, அது கட்டப்பட்டிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் அடிப்படை பிடிபடுவதற்கு முன்பே அந்த நிரல் தொகுப்பில் குதித்துவிட்டேன். ஒரு படிவத்தில் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் சர்வருக்கு என்ன போகிறது, அங்கிருந்து என்ன திரும்பி வருகிறது என்று சொல்லத் தெரியாத நிலையில் ரியாக்ட் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. திரும்பி வந்து, சர்வரில் ஓடும் மொழியான பிஎச்பி, தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல் இரண்டையும் நிதானமாகப் படித்தேன். உலகின் இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல், தளம் அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருப்பது பிஎச்பியில். சிறு நிறுவனங்கள் தனியாளைத் தேடி வருவது பெரும்பாலும் இந்தப் பழைய தளங்களைப் பழுதுபார்க்கத்தான். பழுது வேலையை மட்டமாக நினைப்பவர்களுக்கு இந்தத் தொழிலின் முதல் இரண்டு ஆண்டுகள் மிகவும் கடினமாக இருக்கும்.

படிப்பில் காட்டிய அக்கறையை விசா விஷயத்தில் நான் காட்டவில்லை. துணைவர் விசாவில் வேலை செய்ய அனுமதி இருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாகிவிட்டேன். ஒரு நிறுவனத்தில் ஊழியராகச் சேர்வதற்கான அனுமதியும், சொந்தமாகத் தொழில் செய்வதற்கான அனுமதியும் பல நாடுகளில் வெவ்வேறு. வாடிக்கையாளர் வேறு நாட்டில்தானே இருக்கிறார் என்பதும் உதவாது. பொதுவாக, நாம் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறோம் என்பதைத்தான் பார்க்கிறார்கள். முதல் வேலை கைக்கு வந்தபின் இதைத் தெரிந்துகொண்டு, பதிவு முடியும்வரை நான்கு மாதங்கள் அதைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அந்த வாடிக்கையாளர் காத்திருந்தார் என்பது என் அதிர்ஷ்டம். வரிக்கும் இப்படித்தான். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தாலும் அது தானாக வந்து காப்பாற்றாது. உரிய படிவத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டுத் தனிநபர்களிடம், தாங்கள் அமெரிக்க வரிதாரர் அல்ல என்று உறுதிசொல்லும் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்கும். அது என்ன என்று முதல் நாளே தெரிந்திருந்தால் நல்லது.

அந்த முதல் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொழில் எனக்குப் பிடிபட்டது அதில்தான். பரிசுப் பொருட்கள் விற்கும் ஒரு சிறிய தளம். ஆர்டர் படிவத்தில் வாழ்த்துச் செய்தியும் அதன் கீழே டெலிவரி குறிப்பும் ஒரே பெட்டியில் எழுதுவார்கள். சில ஆர்டர்களில் குறிப்பு பாதியில் அறுந்து போகிறது, எதனால் என்று தெரியவில்லை என்றார்கள். நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீள நீளமாக எழுதிப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகப் பதிவாகின. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டபின், பழைய பழக்கத்தில் ஒரு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுவதுபோல் உட்கார்ந்தேன். வாடிக்கையாளருக்குப் போன மின்னஞ்சல் நகல்கள் ஒரு பக்கம், தரவுத்தளத்தில் இருந்த வரிகள் ஒரு பக்கம். அறுபது ஆர்டர்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோது தெரிந்தது: அறுந்த ஒவ்வொரு செய்தியும் ஓர் இமோஜிக்குச் சற்று முன்னால் அறுந்திருந்தது.

அந்தத் தளத்தின் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் 'யுடிஎஃப்8' என்று பெயரிட்டிருந்த எழுத்துத்தொகுதி, அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறை, ஓர் எழுத்துக் குறியீட்டுக்கு மூன்று பைட்டுக்கு மேல் சேமிக்காது. தமிழ் எழுத்துக் குறியீடுகள் ஒவ்வொன்றும் மூன்று பைட். அதனால்தான் என் தமிழ்ச் சோதனை தடையில்லாமல் தேறியது. இமோஜிகளில் பெரும்பாலானவை நான்கு பைட். அந்தப் பழைய சர்வர், பிழை என்று சொல்லி நிற்காமல், இமோஜியிலிருந்து மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தது. இதற்கான நான்கு பைட் வடிவம், யுடிஎஃப்8எம்பி4, 2010லேயே வந்துவிட்டது. மாற்றப் போனால் வேறொரு தடை: 255 எழுத்து நீளமுள்ள சில புலங்களுக்கு இண்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்கும் பட்டியல், இருந்தது; அந்தப் பதிப்பில் இண்டெக்ஸ் நீளம் 767 பைட்டைத் தாண்டக் கூடாது. 767ஐ நான்கால் வகுத்தால் முழு எழுத்துகளாக 191தான் அடங்கும். அந்த 191 என்ற எண்ணை நோட்டில் எழுதிவைத்த பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. என் பழைய தொழில் என்னோடு கடல் தாண்டி வந்திருக்கிறது என்று அன்றுதான் உணர்ந்தேன். இரண்டு பக்கமும் நேராகும்வரை விடாமல் ஒப்பிடுவதைக் கணக்கு வேலைதான் எனக்குப் பழக்கியிருந்தது.

அதன்பின் எல்லாவற்றையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். வேலை தொடங்குமுன் ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்புகிறேன்: எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன், எத்தனை முறை திருத்தம், எப்போது பணம். இரண்டாம் ஆண்டில் இந்தக் காகிதம் இல்லாமல் ஒரு வேலையை ஏற்றேன். 'இதையும் சேர்த்துவிடுங்களேன்' என்றே மூன்று மாதங்கள் ஓடின. தளம் வெளியானபின் பதில் வருவதே நின்றுவிட்டது. இரண்டு மாத உழைப்பு வீணானது. அன்றிலிருந்து 40 விழுக்காடு முன்பணம், பாதியில் 30, தளம் நேரலைக்குப் போகுமுன் மீதி. இதைச் சொன்னதும் விலகிப் போனவர்கள் உண்டு. அவர்களுக்காக நான் வருந்தியதில்லை.

பணம் எல்லை தாண்டி வரும்போது மாற்று விகிதத்தில் கொஞ்சம், இடையிலுள்ள வங்கிக் கட்டணத்தில் கொஞ்சம் என்று கரையும். இன்வாய்ஸில் எந்த நாணயம், கட்டணம் யார் பொறுப்பு என்று எழுதிவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

நேரக் கணக்கு தனிக் கதை. அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடைசி ஞாயிறு. நான் இருக்கும் நாட்டில் மாற்றமே கிடையாது. இரண்டு பக்கத்திலும் வாடிக்கையாளர்கள் இருந்த ஆண்டு, இந்த இடைவெளி வாரங்களில் ஒரு முக்கியமான சந்திப்பை ஒரு மணி நேரம் தவறவிட்டேன். இப்போது எந்தக் கடிதத்திலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வாரத்துக்கு நாற்பது மணி நேரம் உட்கார்ந்தால் கட்டணம் கேட்கக்கூடியது இருபத்திரண்டு, இருபத்து மூன்று மணி நேரம்தான். மீதி கடிதம், மதிப்பீடு, படிப்பு, கணக்கு. மணிக்கட்டணம் வைக்கும்போது இதைக் கணக்கில் எடுக்காததால் முதல் ஆண்டு முழுவதும் என் பழைய சம்பளத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை. நான்காம் ஆண்டில்தான் அதைத் தாண்டினேன். சேமிப்பும் கணவரின் வருமானமும் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டாம் ஆண்டே விட்டிருப்பேன். இதை மறைத்துவிட்டு 'எல்லோராலும் முடியும்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சின்னச் சின்னப் பக்கங்கள் செய்யும் வேலை இப்போது ஏஐ கருவிகளால் எனக்குக் குறைந்துவிட்டது. பழைய தளத்தைத் திறந்து எங்கே கசிகிறது என்று தேடும் வேலை குறையவில்லை.

தனிமை இருக்கிறது. நாள் முழுக்க யாரோடும் வாய் திறந்து பேசாத வாரங்கள் உண்டு, அதுவும் புதிய நாட்டில். வாரத்தில் இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யத் தொடங்கியபின்தான் அந்த ஊர் மொழி எனக்கு ஓரளவு வந்தது.

அந்தப் பரிசுப் பொருள் தளத்தை இன்றும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அதன் பேக்கப்பை வேறொரு சர்வரில் திறந்து, ஆர்டர் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பேன். பிறகு ஒரு சோதனைச் செய்தி போடுவேன்: ஒரு வரி தமிழ், ஓர் இமோஜி, அதற்குப் பின்னால் இன்னொரு வரி தமிழ். அந்தக் கடைசி வரி முழுதாக வந்து நிற்பதைப் பார்த்தபின்தான் அந்த மாதத்து இன்வாய்ஸை அனுப்புகிறேன்.