ஆறு மடிக்கணினியா, பதினைந்து டேப்லெட்டா?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கையில் 9,000 வெள்ளி (ரிங்கிட்). தீபாவளிச் சந்தையில் முறுக்கும் அதிரசமும் விற்றுச் சேர்த்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் சின்னத் தமிழ்ப்பள்ளிக்கு இது பெரிய காசு. கடைக்காரர் சொன்ன விலைக்கு டேப்லெட் என்றால் பதினைந்து வரும், மடிக்கணினி என்றால் ஆறு. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் மூன்று நாள் சண்டை. நான் மடிக்கணினி கட்சி.

எதிர்க்கட்சியின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பாடம் படித்தது அம்மாவின் திறன்பேசியில்தான். அம்மா வேலை முடிந்து வந்தால்தான் வகுப்பு. அதனால் தொடுதிரையை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை விரலாலேயே 'அ' எழுதிப் பழகலாம். அறிவியல் பாடத்துக்குச் செடியைப் படம்பிடிக்க வெளியே தூக்கிக்கொண்டு ஓடலாம். மின்சாரமும் குறைவு: மடிக்கணினிக்கு 65 வாட் போகிற இடத்தில் டேப்லெட்டுக்கு 15 வாட் போதும். வகுப்புக்கு இரண்டே பிளக் இருக்கிற பழைய கட்டடத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஐந்தாம் ஆண்டு வந்ததும் கதை மாறுகிறது. உறவினர் பையன் ஒருவன் 'நான் ஒரு குடை' என்ற தன்கதையை (குடையே தன் கதையைச் சொல்வதுபோல் எழுதும் கட்டுரை) டேப்லெட்டில் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் பாதியை விசைப்பலகை பிடித்துக்கொண்டது. அவன் கண்ணுக்குத் தெரிந்தது மூன்று வரி. நான்காவது வரிக்கு வரும்போது குடையை யார் வாங்கினார் என்பதே மறந்துவிட்டது. மேலே தள்ளிப் பார்த்தான், திரும்ப வந்தான், மறுபடியும் தள்ளினான். எல்லாம் ஒற்றை ஆள்காட்டி விரலில். கட்டுரையை முழுசாகப் பார்த்துத் திருத்த முடியாத கருவியில் கட்டுரை எழுதச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

டேப்லெட்டுக்கு இங்கே ஒரு சாதகமும் உண்டு, மறைக்கக் கூடாது. செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியைப் போட்டால் தமிழ் எழுத்து திரையிலேயே தெரியும். மடிக்கணினி விசைகளில் இருப்பதோ ஆங்கில எழுத்து. ஒலியை வைத்து ஆங்கில எழுத்தில் தட்டும் அஞ்சல் முறையில் 'ந' வேண்டுமென்றால் சில இடத்தில் ஆங்கில 'டபிள்யூ'வைத் தட்ட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது எப்படி விளங்கும்? அதனால்தான் தமிழுக்கென்றே அமைத்த தமிழ்99 விசைப்பலகை வேண்டும் என்கிறேன். உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 10-லேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். எழுத்து ஒட்டிகள் ஒட்டி இரண்டு மாதம் பழக்கினால் போதும், அப்புறம் ஒட்டியையே பார்க்க மாட்டார்கள்.

நடுவில் ஒரு நலம்விரும்பி, அலுவலகத்தில் கழித்த பத்து மடிக்கணினிகளைச் சும்மா தருவதாகச் சொன்னார். குழுவில் ஒரே கைதட்டல். எல்லாமே விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கு ஏறாது. பழைய கணினிக்கென்று கூகுள் தரும் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு ஓட்டலாம், அது இலவசம்தான். போடுவது யார் என்று கேட்டேன். குழு அமைதியாகிவிட்டது.

கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் மடிக்கணினியான குரோம்புக் நல்ல நடுவழி. கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவுக்கு அது தாராளம். 2021-க்குப் பிறகு வந்தவற்றுக்குப் பத்து வருடப் புதுப்பிப்பு தருவதாகக் கூகுள் 2023-இல் அறிவித்தது. ஆனால் இணையம் இல்லாவிட்டால் பாதி வேலைதான் நடக்கும். மழை பெய்தால் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும் எங்கள் அலைவரிசையை நம்பி வாங்க எனக்குத் துணிவில்லை.

கடைசியில் பொருளாளர் பஞ்சாயத்து பண்ணினார்: நான்கு மடிக்கணினி, ஐந்து டேப்லெட். டேப்லெட் சின்ன வகுப்புக்கு, மடிக்கணினி நான்காம் ஆண்டிலிருந்து. மூன்று பேருக்கு ஒரு கருவி என்று வைத்தாலும் பெரிய வகுப்புக்குப் பத்தாது, சுழற்சி போட வேண்டும். எனக்கு அரை மனசு. எழுத்து ஒட்டிகளை நானே வாங்கித் தருகிறேன் என்று குழுவில் எழுதினேன். அதை எழுதியதும் திறன்பேசியில், ஒற்றை விரலில்தான்.