அம்மாவுக்குச் சிவப்பு மருந்து ஏற்றிய கண்டி வார்ட்

ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிப் போவேன். மருந்து டொக்ஸோரூபிசின், புற்றுநோய்க்குக் கொடுப்பது. இதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடியது என்பதால் முதலிலேயே எகோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்கள்.

ஊசி போட்ட மிஸ்ஸின் பொறுமைக்குத்தான் என் முழு மார்க்கும். 40 வருஷம் கொழுந்து பறித்த கை, நரம்பு லேசில் அகப்படாது. முதலில் சேலைன் விட்டுப் பார்த்து, பிறகே சிவப்பு மருந்தை மெல்ல மெல்ல ஏற்றினார். “எரிஞ்சா உடனே சொல்லுங்கம்மா, பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். அம்மாவோ வலியை வாய்விட்டுச் சொல்லாத ஆள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொன்னதால் வீட்டில் பயப்படவில்லை. காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். துணைக்கு வருபவர்களுக்குக் கதிரை போதாது, அதை மட்டும் கவனிக்கட்டும்.